கோட் என்னும் நான்கு சொற்கள்: ஆங்கில–தமிழ் அகராதி ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில–தமிழ் அகராதிகளையும் ஆங்கிலச் சொற்பயிற்சி நூல்களையும் தொகுத்து வெளியிடும் மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்க விரும்பும் பெரியவர்களுக்குத் தமிழ்வழியாகப் பாடம் சொல்லித் தருவதும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் மொழிபெயர்ப்புகளை மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். இவ்விரண்டுக்கும் உங்கள் நூல்களே எனக்குத் துணை. கை பட்டுப் பட்டு முனை மழுங்கிப்போன அகராதிகள் என் மேசையில் எப்போதும் கிடக்கும். நன்றிக்கடன் இருப்பதால்தான் குறையைச் சொல்லும் உரிமையும் இருப்பதாக நினைத்து இதை எழுதுகிறேன். குறை முழு நூலையும் பற்றியதன்று. ‘ஒத்த ஒலியுடைய சொற்கள்’ என்ற தலைப்பில், பெரும்பாலும் நூலின் கடைசிப் பக்கங்களில், இரண்டு பத்திகளாக அச்சிடப்படும் அந்தப் பட்டியலைப் பற்றியது மட்டுமே.

ஒரு முன்குறிப்பு. இம்மடலில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடத்தில் ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதுவதில் எனக்கு ஏற்படும் சங்கடம் உங்களுக்கும் சற்றே உறைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனெனில் உங்கள் பட்டியலைப் படிப்பவர் மனத்துக்குள் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில்தான் முதலில் பதிவு செய்துகொள்கிறார்.

என் வகுப்புக்கு வரும் ஒருவரின் குறிப்பேட்டில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தது: ‘டிஸ்க்ரீட் – தனியான, டிஸ்க்ரீட் – அடக்கமான.’ உங்களைப் போன்ற ஒருவர் தொகுத்த நூலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது அது. கீழே பயிற்சிக்காக அவரே ஓர் ஆங்கில வாக்கியம் அமைத்திருந்தார். தம் அக்கா தனியாக வசிக்கிறார் என்று சொல்ல நினைத்து, அவர் ஒரு டிஸ்க்ரீட் பெண்மணி என்று எழுதி, கடைசியில் ‘டி’க்கு இரு பக்கமும் ‘ஈ’ வருகிற எழுத்துக்கூட்டலைச் சரியாகப் போட்டிருந்தார். தனியான என்றால் அதுதானே என்று கேட்டார். அவர் பட்டியலை மனப்பாடம் செய்யாதவர் அல்லர், செய்ததனால்தான் தவறினார். ‘தனியான’ என்ற ஒரு தமிழ்ச் சொல் தனிமையில் இருப்பதையும் குறிக்கும், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதையும் குறிக்கும். ‘அடக்கமான’ என்பதோ பணிவையும் குறிக்கும், வெளியே தெரியாமல் காரியம் பார்க்கும் பக்குவத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தின் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டப் புறப்பட்ட நூல், இரண்டு பொருள் தரும் இரண்டு தமிழ்ச் சொற்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு விலகிக்கொண்டது.

இதே சொல் இன்னொரு பக்கமும் என்னை வந்து இடித்தது. புள்ளியியல் நூலொன்றின் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்கும்போது, எண்ணத்தக்க தனித்தனி மதிப்புகளை மட்டும் ஏற்கும் மாறியைக் குறிக்கும் இடத்தில் ‘விவேகமான மாறி’ என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரர்தான், அகராதியில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டார்.

உங்கள் பட்டியலின் முதற்குறையாக எனக்குப் படுவது, வெவ்வேறு மூன்று சிக்கல்களை ஒரே தலைப்பின் கீழ் கலந்துவிடுவது. எழுத்து வேறாக இருந்தும் ஒலி முற்றிலும் ஒன்றாகவே இருக்கும் சொற்கள் ஒரு வகை: பார்வையைக் குறிக்கும் சைட், இடத்தைக் குறிக்கும் சைட், மேற்கோள் காட்டு என்னும் சைட் ஆகியவை போல. ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, பொருளிலும் ஏதோ உறவு இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றுபவை இரண்டாம் வகை: அஃபெக்ட், எஃபெக்ட் போல. ஆங்கிலம் பேசிப் பிறந்தவருக்கு எந்த ஒற்றுமையும் தெரியாமல், தமிழ்க் காதுக்கும் தமிழ் எழுத்துக்கும் மட்டுமே ஒன்றாகிவிடும் சொற்கள் மூன்றாம் வகை. முதல் வகைக்கு மருந்து கண்ணில் இருக்கிறது. இரண்டாம் வகைக்குப் பொருளறிவில். மூன்றாம் வகைக்குக் காதிலும் நாக்கிலும். ஒரே பட்டியலில் மூன்றையும் அடைத்தால் படிப்பவர் எதை எதனால் சரி செய்வது என்று அறியாமல் எல்லாவற்றையும் உருப்போடுகிறார்.

தமிழில் மயங்கொலிச் சொற்களைக் கற்ற பழக்கமும் இங்கே வழி தவறச் செய்கிறது என்று நினைக்கிறேன். புலி, புளி, மனம், மணம், அரம், அறம் என்று நாம் சிறுவயதில் படித்தபோது, ஒலியைத் திருத்தமாகச் சொல்லு, எழுத்து தானே சரியாகிவிடும் என்று சொல்லித் தந்தார்கள். தமிழுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பிரின்சிபல் என்னும் இரண்டு சொற்களை எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் எழுத்து சரியாகாது, ஏனெனில் அங்கே திருத்துவதற்கு ஒலி வேறுபாடே இல்லை. ‘ஏ-எல்’ என்று முடிவது தலைமையானது, தலைவர், கடனில் வட்டி நீங்கலான அசல். ‘எல்-ஈ’ என்று முடிவது கொள்கை, நெறி, அடிப்படை விதி. இதை நினைவில் வைக்க ஆங்கில நூல்கள் ஓர் உத்தி சொல்லும்: தலைவர் உன் நண்பர், ஆகவே அந்தச் சொல்லின் வாலில் நண்பனைக் குறிக்கும் ‘பேல்’ என்னும் குறுஞ்சொல் இருக்கிறது என்று. அந்தக் குறுஞ்சொல்லையே கேள்விப்பட்டிராத தமிழ் மாணவருக்கு இதனால் என்ன பயன்? அதையும் சில நூல்கள் மொழிபெயர்த்துப் போட்டிருக்கின்றன. மாறாக, இரண்டாவது எப்போதும் பெயர்ச்சொல்லாக மட்டுமே வரும், முதலாவதுதான் பெயரடையாகவும் வரும் என்ற ஒரு வரி, பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும். முதன்மைக் காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் பெயரடை தேவை என்று தெரிந்தவருக்கு ‘எல்-ஈ’ என்று முடிக்கக் கை வராது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் பைத்தியக்காரத்தனமானது என்று சில நூல்களின் முன்னுரையில் சலித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சலிப்பு மாணவருக்கு உதவாது; கதையைச் சொன்னால் உதவும். இரவைக் குறிக்கும் நைட்டுக்கும் வீரனைக் குறிக்கும் நைட்டுக்கும் ஒரு காலத்தில் ஒலி வேறாகவே இருந்தது; வீரனின் முன்னால் நிற்கும் ‘கே’ அன்று உண்மையாகவே ஒலித்தது. சந்திப்பதைக் குறிக்கும் மீட், இறைச்சியைக் குறிக்கும் மீட் இரண்டின் உயிரொலியும் முன்பு வெவ்வேறு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன; ஒலிகள் ஒன்றோடொன்று கலந்தன; அச்சு பரவிக்கொண்டிருந்த காலமாதலால் எழுத்து பழைய இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. இது தமிழருக்கு அந்நியமான நிலைமையா என்ன? கரி, கறி இரண்டையும் பேச்சில் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டு எழுத்தில் மட்டும் பிரித்துக் காக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதையே சுட்டிக்காட்டி, எழுத்து பழைய ஒலியின் தடம் என்று ஒரு பத்தி எழுதினால், ஒலிக்காத அந்தக் ‘கே’ மாணவரின் நினைவில் ஒட்டிக்கொள்ளும்.

இனி மூன்றாம் வகைக்கு வருகிறேன். இம்மடலை எழுதத் தூண்டியதே அதுதான். உங்கள் நூல்களில் ஷிப், ஷீப் என்ற இணை தவறாமல் வருகிறது. ஃபுல், ஃபூல் வருகிறது. ரைட், லைட்கூட வருகிறது. இவை யாருக்காக வகுக்கப்பட்டவை? குறில், நெடில் வேறுபாடு இல்லாத மொழிகளைப் பேசுவோர் கப்பலையும் ஆட்டையும் குழப்புவார்கள். ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும் மொழியினர் வலதையும் வெளிச்சத்தையும் குழப்புவார்கள். படு, பாடு என்றும் கரை, கலை என்றும் பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசும் தமிழருக்கு இவ்விரண்டும் ஒரு பொருட்டே அல்ல. வேறு நாட்டு மாணவருக்கு எழுதிய பட்டியலை எடுத்து அதற்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதினால் இப்படித்தான் ஆகும்: தேவையற்ற இடத்தில் பத்துப் பக்கம், தேவையான இடத்தில் ஒன்றுமில்லை.

தேவையான இடம் எது என்று கேட்டால், ‘கோட்’ என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலங்கியும் கோட், வெள்ளாடும் கோட், குறியீட்டு முறையும் கோட், தார்க்குச்சியும், அதனால் தூண்டுவதும் கோட். ஆங்கிலக் காதுக்கு நான்கும் நான்கு சொற்கள், ஒன்றுக்கொன்று ஒட்டுறவே கிடையாது. ககரம் தொண்டை அதிராமல் பிறக்கிறதா, அதிர்ந்து பிறக்கிறதா என்பதும், இறுதியில் வரும் டகரத்துக்கும் அதே கேள்வியும் சேர்ந்து அவற்றைப் பிரிக்கின்றன. தமிழில் ஒரு வல்லெழுத்து அதிர்வதும் அதிராததும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது, மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு இடையிலும் அதிரும். இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் நமக்குத் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்திலோ எந்த இடத்திலும் இரண்டில் எதுவும் வரலாம். வந்தால் சொல்லே மாறிவிடும்.

அதனால் கணுக்காலும் கோணமும் தமிழ் எழுத்தில் ‘ஆங்கிள்’ ஆகின்றன. நங்கூரமும் கோபமும் ‘ஆங்கர்’ ஆகின்றன. எளியது என்று பொருள்படும் சிம்பிளைப் படிக்கும்போது மகர மெய்க்குப் பின்வரும் பகரம் தானாகவே அதிர்ந்து, சின்னம் என்று பொருள்படும் சிம்பலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. முயலைக் குறிக்கும் சொல்லும் விரைவான என்று பொருள்படும் சொல்லும் ‘ரேபிட்’ என்றே எழுதப்படுகின்றன. உங்கள் நூல்கள் எவற்றிலும் இந்த இணைகளை நான் பார்த்ததில்லை. மாணவரின் டிக்டேஷன் தாளில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

‘அவள் அதைப் பேக்கில் வைத்தாள்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வகுப்பில் வாசித்தேன். பாதிப் பேர் பையில் வைத்ததாக எழுதினர். மீதிப் பேரில் ஒருவர் தவிர எல்லாரும் பின்பக்கத்தில் வைத்ததாக எழுதினர். அந்த ஒருவர் பொட்டலம் என்று எழுதியிருந்தார். மூன்று விதமாக எழுதியதும் இலக்கணப்படி தவறில்லாத வாக்கியம். ஆகவே எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளாலும் அதைப் பிடிக்க முடியாது. அவர்களிடம் நான் சொன்னது இதுதான்: இறுதி மெய்யைக் கேட்க முயல வேண்டாம், அது காற்றில் கரைந்துவிடும், அதற்கு முந்தைய உயிரின் நீளத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அதிரும் மெய்க்கு முன் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன் குறுகும். பையைக் குறிக்கும் சொல்லில் உயிர் இழுபடும். பின்பக்கத்தைக் குறிக்கும் சொல்லில் சட்டென்று நின்றுவிடும். மாத்திரைக் கணக்கில் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு மிக எளிதாகப் பிடிபடுகிறது. அடுத்த முறை வாசித்தபோது குழப்பம் பெரிதும் குறைந்தது. நமக்குக் கைவந்த ஒன்றைக் கொண்டு கைவராத ஒன்றைப் பிடிக்கும் இந்த வழியை உங்கள் நூல் ஏன் சொல்லக் கூடாது?

சொல்லின் முதலில் வரும் ஒலிக்கு வேறு வழி இருக்கிறது. மெல்லிய தாள்துண்டு ஒன்றை உதட்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு மாத்திரையைக் குறிக்கும் பில்லை ஆங்கிலேயர் சொல்வதுபோல் சொன்னால் தாள் துள்ளும். விலைச்சீட்டைக் குறிக்கும் பில்லைச் சொன்னால் தாள் அசையாது. நாம் பகரத்தைக் காற்று விடாமல் சொல்லிப் பழகியவர்கள். நாம் மாத்திரை கேட்டால் ஆங்கிலக் காதுக்குச் சீட்டு கேட்டதாகப் படுவதற்கு அதுவே காரணம். தாள்துண்டுச் சோதனைக்கு நூலில் மூன்று வரி போதும். படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தரும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது தொடக்கநிலை மாணவருக்குத் தேவை என்பதை அறிவேன். அகரவரிசைக்கு வெளியே ஒலிக்குறிகளின் புது வரிசை ஒன்றைக் கற்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் தமிழ் அச்சுலகில் இதற்கு ஒரு தீர்வு முன்பே இருக்கிறது. வடமொழிச் சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவோர் க, ச, ட, த, ப ஆகியவற்றின் மேல் 2, 3, 4 என்று சிற்றெண் இட்டு ஒலிகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். மூன்று என்ற எண் அதிரும் ஒலிக்கு உரியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மேலங்கி கோட், வெள்ளாடு கோ³ட், குறியீடு கோட்³, தார்க்குச்சி கோ³ட்³. நான்கு சொல்லும் ஒரு வரியில் பிரிந்துவிட்டன. பொட்டலம் பேக், பின்பக்கம் பே³க், பை பே³க்³. புதிதாக எழுத்துரு செய்ய வேண்டியதில்லை. வாசகர்களில் பலருக்குக் கண்ணுக்குப் பழகிய முறையும்கூட. நாம் தமிழில் ‘காப்பி’ என்று எழுதுவது குடிப்பதையா, படியெடுப்பதையா என்ற கேள்விக்கு மட்டும் இது விடை தராது. அது பகரத்தின் சிக்கல் அன்று, நம்மிடம் இல்லாத வேறோர் ஒலியின் சிக்கல்; அதற்கு ஆய்தம் இட்டு எழுதும் வழக்கம் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒலி ஒன்று என்று நீங்கள் சொல்லும்போது யாருடைய ஒலி என்று சொல்வதில்லை. நீதிமன்றத்தைக் குறிக்கும் கோர்ட்டும் பிடித்தேன் என்பதற்கான காட்டும் தென் இங்கிலாந்து உச்சரிப்பில் ஒன்றே. பெரும்பாலான அமெரிக்கர் வாயில் ரகரம் தெளிவாக ஒலிப்பதால் அவை வேறு. எழுதியபடி ரகரத்தைச் சொல்லும் தமிழருக்கும் அவை வேறுதான். அவரிடம் போய் இவையிரண்டும் ஒத்த ஒலிச் சொற்கள் என்றால், தாம் இதுவரை சொன்னது தவறோ என்று அஞ்சி ரகரத்தை விழுங்கத் தொடங்குகிறார்.

ஒலியைப் பற்றி இவ்வளவு போதும். பொருளும், ஒத்த பொருளுடைய இணைச்சொற்களும் தருகிற இடத்தில்தான் உங்கள் உழைப்பு அதிகம், என் மனக்குறையும் அங்கேதான் அதிகம். அஷ்யூர், என்ஷ்யூர், இன்ஷ்யூர் என்ற மூன்றுக்கும் ஓர் அகராதியில் ‘உறுதி செய்’ என்ற பொருளே முதலில் நிற்கிறது. தவறென்று சொல்ல முடியாது. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் முதலாவது ஒரு மனிதரை நோக்கிச் செய்வது: அவருக்கு உறுதியளிக்கிறோம், ஐயத்தைப் போக்குகிறோம். இரண்டாவது ஒரு விளைவை நோக்கிச் செய்வது: அது நடந்தே தீர வழி செய்கிறோம். மூன்றாவது இழப்பை எண்ணிப் பணத்தால் செய்வது: காப்பீடு எடுக்கிறோம். ஆளையா, நிகழ்வையா, உடைமையையா என்று வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று காட்டிவிட்டால் மாணவர் இனி மூன்றையும் குழப்ப மாட்டார். தமிழில் பேசினான், உரைத்தான், பகர்ந்தான், உளறினான் என்பவற்றை ஒரு வரியில் காற்புள்ளி இட்டு அடுக்கி, இவை ஒத்த பொருளுடையவை என்று ஓர் அயல்மொழியாளரிடம் கொடுத்தால் அவர் நம் பெரியவர் ஒருவரைப் பார்த்து நேற்று நன்றாக உளறினீர்கள் என்று பாராட்டக்கூடும். உங்கள் இணைச்சொல் வரிகளை வைத்துக்கொண்டு நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்வது அதுதான்.

தமிழ்ப் பொருளே சாய்ந்து நின்று ஏமாற்றுவதும் உண்டு. அஃபெக்டுக்கு எல்லாரும் ‘பாதி’ என்று எழுதுகிறீர்கள். தமிழில் பாதிப்பு என்றால் கேடு. ஆங்கிலச் சொல்லுக்கு அப்படி ஒரு சாய்வு இல்லை. நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றில் மாற்றம் உண்டாக்குவது எதுவும் அதில் அடங்கும். ‘அந்த இசை அவரை ஆழமாகப் பாதித்தது’ என்று மொழிபெயர்ப்புகளில் படிக்கும்போதெல்லாம், அவர் பிழைத்துக்கொண்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது. நெகிழ்த்தியது, மனத்தைத் தொட்டது, உலுக்கியது என்று இடத்துக்கு ஏற்றபடி எழுத நம்மிடம் சொல் இல்லையா? எஃபெக்டைப் பற்றியும் ஒன்று: அது பெயர்ச்சொல், மற்றது வினைச்சொல் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். பெரும்பாலும் சரிதான். ஆயினும் எஃபெக்ட் வினையாகவும் வரும். அப்போது நிகழ்த்து, செய்து முடி என்று பொருள். ஒரு மாற்றத்தை அஃபெக்ட் செய்தால் அந்த மாற்றத்தின் போக்கு மாறுகிறது. எஃபெக்ட் செய்தால் அந்த மாற்றமே நிகழ்கிறது. சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் முடியாது.

கன்டினியுவல், கன்டினியுவஸ் இரண்டும் உங்களுக்குத் ‘தொடர்ச்சியான’. விட்டுவிட்டு அடிக்கடி நிகழ்வது முன்னது, இடைவெளியே இல்லாமல் நீள்வது பின்னது என்பதே கவனமாக எழுதுவோர் காக்கும் வேறுபாடு. டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதற்கு ‘ஆர்வமற்ற’ என்று மட்டும் போட்டிருப்பதைக் கண்டேன். நீதிபதிக்கு அந்த அடைமொழி கொடுத்தால் அவர் தமக்கு எந்த நலனும் இல்லாத நடுநிலையாளர் என்று பொருள். அவர் தூங்கி வழிகிறார் என்று சொல்ல அன்இன்ட்ரஸ்டட் இருக்கிறது. பிரிஸ்கிரைப், புரோஸ்கிரைப் இரண்டுக்கும் இடையே இருப்பது முன்னொட்டின் வேறுபாடுதான். முன்னது இதைச் செய் என்று விதிக்கிறது. பின்னது செய்யாதே என்று தடுக்கிறது. மருந்தைப் பற்றிய வாக்கியத்தில் அது இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் விரிக்க வேண்டியதில்லை.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த இணை ரேஸ் என்பது. ‘ஏ-ஐ’ சேர்ந்து வருவது உயர்த்து, எழுப்பு. ‘ஏ-இசட்’ சேர்ந்து வருவது தரைமட்டமாக்கு. ஒலியில் எள்ளளவும் வேறுபாடில்லை, பொருளில் நேர் எதிர். ஒரு கட்டடத்தைப் பற்றி வானொலியில் கேட்டால் முன்பின் வரும் சொற்களைக் கொண்டுதான் அது எழும்பியதா, இடிந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இணைச்சொற்களோடு எதிர்ச்சொல்லையும் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு சொல்லே போதும். உங்கள் பட்டியல்களில் பலவற்றில் இது இல்லை. ஃப்ளவர் என்று ஒரே ஒலியில் வரும் மாவும் பூவும் தவறாமல் இருக்கின்றன.

மாவும் பூவும் இருக்கட்டும்; ஆனால் அவை ஒலியால் தற்செயலாக ஒன்றானவை என்ற தோற்றத்தைத் தர வேண்டாம். இரண்டும் ஒரே சொல். அரைத்துச் சலித்ததில் மிக நேர்த்தியான பகுதியை அதன் ‘மலர்’ என்று சொன்னார்கள். எழுத்துக்கூட்டல் பிரிந்து நிலைபெற்றது பின்னால்தான். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில்கூட அவை பிரிக்கப்படவில்லை. உலோகத்தைக் குறிக்கும் மெட்டலும் மனத்திண்மையைக் குறிக்கும் மெட்டிலும் அவ்வாறே ஒன்றாக இருந்து பிரிந்தவை. எழுதுபொருளான ஸ்டேஷனரி, அசையாமல் நிற்பது என்னும் ஸ்டேஷனரி இரண்டும் ஒரே இலத்தீன் வேருக்குப் போகின்றன: ஊர் ஊராக அலைந்து விற்காமல், பல்கலைக்கழகத்தின் அருகே ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்ட இடைக்காலப் புத்தக வணிகருக்கு அந்த வேரிலிருந்து பெயர் வந்தது, அவர் விற்ற பொருளுக்கு அவரால் பெயர் வந்தது. எனக்குச் சங்கடம் கொடுத்த டிஸ்க்ரீட்டும் அப்படித்தான். பிரித்தறிதல் என்பது அதன் வேர்ப்பொருள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்தறிபவர் ஒருவர்; பிரிந்தே இருப்பது மற்றொன்று. இந்த இரண்டு வரியை என் மாணவரிடம் சொன்ன பிறகு அவர் அந்தச் சொல்லில் தவறியதில்லை. காம்ப்ளிமென்ட் இரண்டும் நிறைத்தல் என்ற வேரிலிருந்து வந்தவை: ஒன்று குறையை நிறைக்கிறது, இன்னொன்று மரியாதையை நிறைக்கிறது. 90 பாகைக்கு ஒன்றையொன்று நிறைக்கும் இரு கோணங்களைக் கணக்கில் ‘நிரப்பு கோணங்கள்’ என்கிறோம். அங்கே வருவது ‘ஈ’ எழுத்துள்ள சொல். பாராட்டும் அன்பளிப்புப் பிரதியும் ‘ஐ’ எழுத்துள்ள சொல்லுக்கு உரியவை. தமிழில் ஏற்கெனவே கணக்குப் பாடத்தில் நன்றாகப் பெயர்த்து வைத்திருக்கும் ஒரு சொல்லைக் காட்டாமல் ‘முழுமை, நிறைவு, பூர்த்தி’ என்று மூன்று சொல்லை ஏன் அடுக்குகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இடப்பற்றாக்குறை என்று சொல்வீர்கள். ஷிப்பையும் ரைட்டையும் அவற்றின் கூட்டத்தையும் எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். ஒலியை அடிப்படையாகக் கொண்டு சொற்களைத் திரட்டுவது நம் மரபில் இல்லை என்றும் சொல்ல இயலாது. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியின் நான்கு பிரிவுகளில் ஒன்று தொடையகராதி. எதுகைக்காகச் சொற்களை ஒலிவழியே அடுக்கிய பகுதி அது. பாட்டுக் கட்டுவோருக்கு அன்று செய்து கொடுத்ததை, ஆங்கிலம் கற்போருக்கு இன்று தமிழ்க் காதை அளவாக வைத்து நீங்கள் செய்து கொடுக்கலாம்.

ஆகவே அடுத்த பதிப்புக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். எது உண்மையிலேயே ஒரே ஒலி, எது நம் காதுக்கு மட்டும் ஒன்று என்று ஒவ்வோர் இணைக்கும் பக்கத்தில் குறியிடுங்கள். ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பொருளாக எழுதிவிட்டு நகராமல், அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருமோ அவற்றுடன் ஒரு சிறு வாக்கியம் தாருங்கள். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கே இரண்டு பொருள் இருந்தால் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்குங்கள். எதிர்ச்சொல் இருந்தால் அதையும் சேருங்கள்.

பல ஆண்டுகளாக என் மாணவர்களின் டிக்டேஷன் தாள்களிலிருந்து நான் குறித்து வைத்த இணைகள், கணுக்கால்–கோணம் முதல் பை–பின்பக்கம் வரை, மூன்று குறிப்பேடுகளில் இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை உங்களில் யார் கேட்டாலும் படியெடுத்து அனுப்புவேன். அவற்றுக்கு ஊதியமோ நூலில் நன்றியுரையோ எதிர்பார்க்கவில்லை. மெய்ப்பு நிலையில் அந்தப் பக்கங்களை மட்டும் ஒருமுறை என் கண்ணில் காட்டினால் போதும். சிற்றெண் 3 வர வேண்டிய இடத்தில் விடுபட்டிருந்தால் வெள்ளாடு மறுபடியும் மேலங்கியாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளைக் கொண்டு கற்று, அவற்றைக் கொண்டே கற்பித்து வரும் ஒருவர்